நாற்பத்தொரு மீட்டரில் என் தங்கை

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் ஒரு மணி இருக்கும். கல்கத்தா லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த முதல் மாடிக் கூடத்தில் பதினான்கு பேர் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மேஜை மேல் ரேடியோ. அதன் பக்கத்தில் ஜரிகை வேஷ்டியும் விபூதியுமாக என் கணவர். பெட்டிக்குக் கும்பாபிஷேகம் செய்யப்போகிறவர் மாதிரி நின்றார்.

"இன்னும் ரெண்டே நிமிஷம். மெட்ராஸ் உங்க காதுக்குள்ள வந்து உட்கார்ந்துக்கும், பாருங்கோ" என்றார்.

மெட்ராஸ் வரத்தான் வந்தது. தம்பூராவின் ஒரு இழை கேட்டது. யாரோ ஒரு பாகவதர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். மாமிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது. டிட் டிட் டா டிட். டா டா டிட் டா. மரங்கொத்தி ஒன்று பாகவதரின் மண்டையில் உட்கார்ந்து கொத்துவது போல ஒரு சத்தம். பாகவதர் உள்ளே எங்கேயோ பாடிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அரை மணி நேரமும் மரங்கொத்தியின் கச்சேரிதான்.

இவர் முன்பக்கத்து மூன்று குமிழ்களையும் திருகினார். பெட்டியின் தலையில் தட்டினார். கடைசியில் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு ஏரியல் கம்பியை ஆட்டினார். பதினான்கு பேரும் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "பரவாயில்லை, காப்பி நன்னாயிருந்தது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மேல் மாடி வங்காளி அம்மாள் மாடிப்படியில் என்னைப் பார்த்தாள். "நேற்று உங்கள் தென்னாட்டுச் சங்கீதம் கேட்டேன். தாளம் ரொம்பப் பிரமாதம்" என்றாள். நிஜமாகவே பாராட்டினாள். நானும் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன். வேறென்ன செய்வது?

துரை விட்டுப் போன பெட்டி

இது யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்தின கதை. வருஷத்தைக் கேட்டு யாரும் எழுத வேண்டாம், எனக்கு நினைவில்லை. டிராம் வண்டியில் எனக்கு இடம் விட்டு எழுந்து நிற்பார்கள், அந்த வயது. கல்யாணமாகிப் பதினொரு வருஷம்.

இவர் ஒரு சணல் கம்பெனியில் ஆபீஸர். (பெயர் சொல்லும் வழக்கம் எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. இந்தத் தொடர் முழுக்க 'இவர்' என்றே எழுதுகிறேன் என்று இவருக்குக் கோபம். இருக்கட்டும்.) இவருடைய துரை சீமைக்குத் திரும்பும்போது சாமான்களை எல்லாம் விற்றார். சோபாவை ஒருவர் வாங்கினார், நாயை ஒருவர் வாங்கினார். இவர் ரேடியோவை வாங்கினார். நாயையாவது வாங்கியிருக்கலாம் என்று நான் பிற்பாடு பல தடவை நினைத்ததுண்டு.

ஐந்து வால்வு செட். தேக்கு மரப் பெட்டி. டயல் கண்ணாடியில் பெர்லின், பாரிஸ், ரோம் என்று ஊர்ப் பெயர்கள் அச்சடித்திருக்கும். மெட்ராஸ் இல்லை. இந்தியாவில் ஊர்கள் இருக்கின்றன என்பது அதைச் செய்தவனுக்குத் தெரியாது போலிருக்கிறது. மெட்ராஸ் நிலையம் பகலில் நாற்பத்தொரு மீட்டர் சிற்றலையில் வரும் என்று இவர் பத்திரிகையில் படித்துவிட்டு வந்தார். கண்ணாடியில் அந்த இடத்தில் நான் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன்.

அதோடு என் பங்கு முடிந்துவிட வேண்டும் என்பது இவருடைய சட்டம். பெண்டுகள் தொட்டால் வால்வு போய்விடுமாம்! இந்த விஞ்ஞானத்தை இவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று தெரியாது. இவர் தினமும் ஆபீசுக்குப் போய்விடுவார் என்பதை அந்த விஞ்ஞானம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பத்துப் பாத்திரம் கவிழ்த்தானதும் நான் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவேன். பொட்டு வைத்த இடத்தில் மரங்கொத்தி. தினம் கேட்டுக் கேட்டு அந்த மரங்கொத்தியின் கை எனக்குப் பழகிவிட்டது. ஆமாம், கைதான். ஐந்தாறு தட்டுத் தட்டியதும் விக்கல் வந்தவன் மாதிரி ஒரு கணம் நிற்பான். அப்புறம் விட்டதைப் பிடிக்க ஓடுவான். நான் அவனுக்கு 'விக்கல்' என்றே பெயர் வைத்திருந்தேன்.

ஒரு நாள் முள்ளை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனேன். நாற்பத்தொன்றைத் தாண்டி, முப்பத்தொன்றுக்குப் போகும் வழியில், எந்த ஊரும் அச்சடிக்காத வெற்றிடத்தில், திடீரென்று காதே பிய்ந்துபோகும்படி டிட் டிட் டா டிட். அதே கை. அதே விக்கல். மெட்ராஸ் மேல் உட்கார்ந்து கத்துவதைவிட மூன்று மடங்கு சத்தம்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன்.

"ஏன்னா, அந்த டிட் டிட் இன்னொரு இடத்திலயும் வர்றது. ஒரே ஆள்தான்."

"நீ ரேடியோவைத் தொட்டியா?"

"அதை விடுங்கோ. ஒரே ஆள் எப்படி ரெண்டு இடத்தில இருப்பான்?"

"ரெண்டு பேர் அனுப்பறாளா இருக்கும். நீ போய் ரசத்தைப் பாரு."

ரசத்தைப் பார்த்தேன். அன்றைக்கு ரசத்தில் உப்புக் கொஞ்சம் தூக்கல். அதற்கு நான் பொறுப்பல்ல.

ஒரு இனிஷியல்

இங்கே என் தங்கை பட்டுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஏழு வயது சின்னவள். எங்கள் வீட்டில் பாட்டு என்றால் அவள்தான். நானும் அதே வாத்தியாரிடம்தான் கற்றுக்கொண்டேன். ஆறாம் மாதம் அவரே கையெடுத்துக் கும்பிட்டு என்னைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டார்.

பட்டுவுக்கு மயிலாப்பூரில் ஒரு பெரிய இடத்தில் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை வந்தது. உறையின் மேல் இவருடைய இனிஷியல் தப்பாக இருந்தது. 'கே'க்குப் பதிலாக 'டி'. கூடவே ஒரு கடுதாசும் இல்லை. அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். இருந்தாலும் மாப்பிள்ளை என்றால் ஒரு முறுக்கு வேண்டாமா?

"என் பேரே தெரியாதவா ஆத்துக் கல்யாணத்துக்கு நான் எதுக்கு?" என்றார்.

நான் அப்போது சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கும் கோபம் வந்துவிட்டது. கல்கத்தாவில் ஒருத்தி இருக்கிறாள் என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று ஒரு கோபம். போகவில்லை. பட்டு ஒரு கடுதாசு எழுதினாள், அதில் நான்கு வரி திட்டு. நான் எட்டு வரி பதில் எழுதினேன். அதோடு நின்றது. மூன்று வருஷம்.

மூன்று வருஷத்தில் அப்பா போய்விட்டார். அதற்கு ஊருக்குப் போனபோதுகூட நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்துகொண்டு அத்தை மூலமாகப் பேசிக்கொண்டோம். "காப்பி வேணுமான்னு அவளைக் கேளுங்கோ அத்தை" என்கிற மாதிரி.

ஆகவே, அந்த ரேடியோ கச்சேரி கோலாகலம் நடந்து கொஞ்ச நாளில் பட்டுவின் கையெழுத்தில் ஒரு உறை வந்தபோது, பிரிக்கவே பயமாக இருந்தது. ஒரே பக்கம்தான்.

மெட்ராஸ் ரேடியோவில் பெண்கள் நிகழ்ச்சியில் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். இனி வரும் மூன்றாவது வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு, அரை மணி நேரம். மாமனார் அரை மனசாகச் சம்மதித்தார்; ஆனால் வீட்டில் ரேடியோ வாங்கமாட்டேன் என்றுவிட்டார். அம்மா ஊரில் கரண்டே இல்லை. 'உன் வீட்டில் ரேடியோ இருப்பதாக அத்தை சொன்னாள். நீ கேள். எப்படி இருந்தது என்று எழுது. எனக்கு வேறு யாரையும் கேட்கத் தெரியவில்லை' என்று முடித்திருந்தாள். கீழே, 'கல்யாணி ராகம் விஸ்தாரமாகப் பாடப் போகிறேன்.'

இவரிடம் கடுதாசைக் கொடுத்தேன். படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணு வருஷமா இல்லாத அக்கா, ரேடியோன்னதும் ஞாபகம் வந்துட்டாளா?"

"வந்துட்டாளே. அது போறாதா?" என்றேன்.

இவர் மூக்குக்கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். கடுதாசை மடித்து என்னிடமே கொடுத்தார். ராத்திரி சாப்பிடும்போது, மோர் சாதம் வரைக்கும் வந்தபிறகு, "அந்த டிட் டிட்டுக்கு ஒரு வழி பண்ணியாகணும்" என்றார்.

பதினொரு பாராக்கள்

இவர் செய்த வழி என்ன தெரியுமா? மனுப் போட்டார்.

சத்தம் கிடர்பூர் துறைமுகப் பக்கத்திலிருந்து கப்பல்களுக்குப் போகும் மோர்ஸ் தந்தி என்று யாரோ ஆபீசில் சொல்லியிருந்தார்கள். உடனே இங்கிலீஷில் பதினொரு பாரா. சங்கீதத்தின் மேன்மை பற்றி மூன்று பாரா. தென்னிந்தியர்கள் கல்கத்தாவுக்குச் செய்த சேவை பற்றி இரண்டு. கடைசிப் பாராவில், குறிப்பிட்ட வியாழக்கிழமை ஒரு மணி முதல் ஒன்றரை மணி வரை கப்பல்கள் தயவுசெய்து மௌனமாக இருக்க உத்தரவிட வேண்டும் என்ற வேண்டுகோள். வயர்லெஸ் இலாகாவுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார்.

"கப்பல் கரை தட்டிடாதோ?" என்று கேட்டேன்.

"அரை மணிதானேடி" என்றார்.

ஒரு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு, கதவைத் தட்டி ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வங்காளி வேஷ்டி, மேலே கோட்டு, கையில் குடை. இவருடைய மனு அந்தக் கோட்டுப் பையில் இருந்தது. இவர் முகம் மலர்ந்துவிட்டது. துறைமுகமே மன்னிப்புக் கேட்க வந்துவிட்டது என்று நினைத்தார்.

வந்தவர் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மனுவை மேஜை மேல் விரித்து வைத்து, மிக மரியாதையாக இங்கிலீஷில் கேட்டார்:

"மிஸ்டர் ஐயர், உங்கள் ரேடியோவுக்கு லைசென்ஸ் எங்கே?"

அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். துரையிடம் இருந்தது. துரை பெயரில். துரை அப்போது சூயஸைத் தாண்டியிருப்பார். லைசென்ஸ் இல்லாத பெட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு, அதற்கு ரிஜிஸ்டர் தபாலில் சாட்சியும் அனுப்பிய மனிதர் கல்கத்தாவில் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

இவர் முகத்தில் விபூதி மட்டும்தான் தெரிந்தது.

பிமல் பாபு

அவர் பெயர் பிமல் பாபு. சட்டப்படி ரேடியோவை முத்திரை வைத்து எடுத்துப்போக வேண்டும் என்றார். வியாழக்கிழமைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தவள், நேரே கூடத்துக்கு வந்துவிட்டேன். என் வங்காளி அப்போது மார்க்கெட் வங்காளி. கத்திரிக்காய் விலை பேசத்தான் உதவும். அதை வைத்துக்கொண்டே பட்டு கதை முழுவதையும் சொன்னேன். இனிஷியல், கல்யாணம், மூன்று வருஷம், அத்தை, எல்லாம். நடுவில் வார்த்தை கிடைக்காத இடங்களில் தமிழைப் போட்டு நிரப்பினேன். அழவில்லை. மூக்கை மட்டும் இரண்டு தடவை துடைத்துக்கொண்டேன்.

அவர் முழுக்கக் கேட்டார். "ஒரு இனிஷியலுக்காகவா?" என்று இவரைத் திரும்பிப் பார்த்தார். இவர் ஜன்னலைப் பார்த்தார்.

"சரி பௌதி" என்றார் என்னிடம். அண்ணி என்று அர்த்தம். அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. "திங்கட்கிழமை தபாலாபீசில் லைசென்ஸ் வாங்கச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு வந்து பார்ப்பேன். இல்லையென்றால் பெட்டியைத் தூக்கிப் போவேன். இப்போது அந்தச் சத்தத்தைக் காட்டுங்கள்."

அவருடைய வங்காளியைத் தமிழாக்கித்தான் எழுதுகிறேன். நிஜத்தில் இன்னும் இனிமையாக இருக்கும்.

குங்குமப் பொட்டுக்கு முள்ளைக் கொண்டுபோனோம். டிட் டிட் டா டிட். பிமல் பாபு கண்ணை மூடிக்கொண்டார். உதடு லேசாக அசைந்தது. பிறகு சிரித்துவிட்டார். அவர் முன்பு பதினைந்து வருஷம் கப்பலில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தவராம். மோர்ஸ் அவருக்குத் தாய்மொழி மாதிரி.

"என்ன சொல்றான்?" என்று இவர் கேட்டார்.

"சொல்லக் கூடாது. ரகசியம்." இன்னும் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டார். "ஒரு கப்பலுக்கு நிறைய வெங்காயம் வேண்டுமாம். நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்."

இத்தனை வருஷம் கழித்துச் சொல்வதில் தப்பில்லை என்று நினைக்கிறேன். கப்பலும் இருக்காது, வெங்காயமும் இருக்காது.

"இந்த ஆளை டயலில் வேறு எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா?" என்று அடுத்தபடியாகக் கேட்டார்.

இவர் "நோ, நோ" என்றார். நான் குறுக்கே கையை நீட்டி முள்ளை அந்த வெற்றிடத்துக்கு நகர்த்தினேன். கூடமே அதிர்ந்தது. விக்கல்!

பிமல் பாபு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

"ரெண்டு இடத்திலும் ஒரே கை."

"அவன் ஒரே இடத்தில்தான் இருக்கிறான். இதுதான் அவன் வீடு, முப்பத்தாறரை மீட்டர். இரண்டு இடத்தில் இருப்பது உங்கள் ரேடியோ" என்றார்.

பிறகு ஒரு காகிதத்தை எடுத்துப் படம் போட்டு விளக்கினார். எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். பெட்டிக்கு உள்ளேயே ஒரு வால்வு ஓர் அலையை உண்டாக்குகிறது. வெளியிலிருந்து வரும் அலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு குறிப்பிட்ட எண்ணாக இருந்தால், பின்னால் இருக்கிற வால்வுகள் அதை ஏற்றுக்கொண்டு பெருக்கிப் பாட வைக்கும். பெட்டியின் அலைக்கு மெட்ராஸ் அந்த எண்ணளவு கீழே இருக்கிறது. துறைமுகத்துக்காரன் சரியாக அதே எண்ணளவு மேலே இருக்கிறான்.

"யாரிலிருந்து யாரைக் கழிச்சாலும் விடை ஒண்ணுதான்" என்றேன்.

"அதேதான்! பின்னாலிருக்கும் வால்வுகளுக்கு இரண்டு பேரும் ஒன்று. உள்ளே வந்துவிட்டால் அப்புறம் பிரிக்க முடியாது. மிஸ்டர் ஐயர் எந்தக் குமிழைத் திருகினாலும் நடக்காது. ஏரியலிலிருந்து வரும்போதே, வாசலிலேயே பிரிக்க வேண்டும். உங்கள் செட்டில் வாசலில் ஒரே ஒரு காயில், அதாவது கம்பிச்சுருள்தான். மத்திய அலைக்கு அது போதும். சிற்றலையில் அதனால் ஆள் அடையாளம் பார்க்க முடியவில்லை. துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது, மெட்ராஸ் ஆயிரம் மைல். யார் ஜெயிப்பார்கள்?"

"அப்போ கப்பல்களின் மேல் தப்பு இல்லையா?" என்று இவர் கேட்டார். குரலில் பதினொரு பாராவும் வீணான துக்கம்.

"இல்லை சார்" என்று சொல்லி, பிமல் பாபு மனுவை மடித்துத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். "ஆனால் சங்கீதம் பற்றிய பாராக்கள் நன்றாக இருந்தன."

பட்டம் போன வழி

அடுத்த ஞாயிறு லைசென்ஸ் தயாராக இருந்தது. இவர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். பிமல் பாபு அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குடைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். ஒரு பழைய வால்வு, திருகினால் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் ஒரு கண்டென்ஸர், பச்சை நூல் சுற்றிய செம்புக் கம்பி.

"வாசலில் இன்னொரு வாசல் வைப்போம்" என்றார். "கம்பி சுற்ற ஒரு அட்டைக் குழாய் வேண்டும். இத்தனை பருமன்."

வீடெல்லாம் தேடினோம். அந்தப் பருமனில் ஒரே ஒரு குழாய்தான் இருந்தது. அலமாரியில், பட்டுத்துணி சுற்றி, இவருடைய பி.ஏ. பட்டத்தைச் சுருட்டி வைத்திருந்த குழாய்.

"அதைத் தொடக் கூடாது" என்றார் இவர்.

"பட்டத்தைத் தொடலைன்னா. குழாயைத்தான்."

"அது யுனிவர்சிட்டி குழாய்டி!"

"மூணு அங்குலம் போறும்."

இவர் கொல்லைப் பக்கத்து வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டார். அரிவாள்மணையில் வைத்து மூன்று அங்குலம் நறுக்கினேன். மெழுகுவர்த்தியை உருக்கி அட்டைக்குப் பூசினோம். பிறகு கம்பியைச் சுற்ற வேண்டும். பன்னிரண்டு சுற்று, ஒன்றோடொன்று ஒட்டாமல், சமமான இடைவெளியில். பிமல் பாபு முதலில் சுற்றினார். விரல் நடுங்கி, சுற்று நழுவியது. கப்பலில் வாங்கிய நடுக்கம் என்று மட்டும் சொன்னார்.

நான் வாங்கிக்கொண்டேன். கம்பியோடு சேர்த்துப் பூத் தொடுக்கும் நூலையும் சுற்றினால் இடைவெளி தானாகக் கிடைக்கும், கடைசியில் நூலை உருவிவிடலாம் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். கதம்பம் தொடுத்துப் பழகிய விரல். அது ஒரு வேலையா? பன்னிரண்டு சுற்றும் பல்வரிசை மாதிரி நின்றது.

எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து ஈயத்தால் பற்றவைத்தார். ஏரியல் கம்பி முதலில் டப்பாவுக்குள் போகும், அங்கிருந்துதான் ரேடியோவுக்கு. டப்பா மூடியில் ஒரு குமிழ். அதைத் திருகத் திருக, விக்கல்காரன் மெள்ள மெள்ளத் தேய்ந்து, அடுத்த வீட்டுக்குப் போய், அப்புறம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டான். அவன் இருந்த இடத்தில் ஒரு வீணை கேட்டது.

இவர் வராந்தாவிலிருந்து உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் கேட்டார். "குழாய் நல்ல அட்டை, அதான்" என்றார்.

வியாழக்கிழமை

அன்றைக்கு இவர் அரை நாள் லீவு போட்டார். 'மனைவியின் தங்கை சம்பந்தமாக மிக அவசரம்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். புது துரை அதைப் படித்துவிட்டு எழுந்து நின்று, தோளைத் தொட்டு, தைரியமாக இருக்கும்படி சொல்லி அனுப்பினாராம். மறுநாள் "எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டதற்கு இவர், "நன்றாகப் பாடினாள் சார்" என்று சொல்லியிருக்கிறார். துரை அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தைப் பற்றி விசாரிப்பதை விட்டுவிட்டார்.

பன்னிரண்டரைக்கே உட்கார்ந்துவிட்டோம். பிமல் பாபுவுக்கு ஆபீஸ்; வரவில்லை. ரேடியோ குமிழ் இவர் கையில், டப்பா குமிழ் என் கையில். ஒன்றை நகர்த்தினால் மற்றதையும் நகர்த்த வேண்டும்.

ஒரு மணிக்கு அறிவிப்புப் பெண் பேச ஆரம்பித்தாள். அதே நிமிஷம் இவர், கிட்டத்தில் போய்க் கேட்கிறேன் என்று டப்பா மேல் கையை ஊன்றினார். அவ்வளவுதான், விக்கல் திரும்பி வந்துவிட்டான். டிட் டிட் டா டிட்.

"கையை எடுங்கோ!"

எடுக்கவில்லை, எதை எடுப்பது என்று புரியாமல் விழித்தார். நான் ஒரு அடி போட்டேன். பளீரென்று, புறங்கையில். பதினொரு வருஷத்தில் முதல் தடவை. கையை எடுத்துவிட்டார். நான் குமிழை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். அறிவிப்புப் பெண் சொன்னது முழுக்கப் போய்விட்டது. தேய்ந்து தேய்ந்து மோர்ஸ் விலகியபோது தம்பூரா கேட்டது. அதன் மேல் ஒரு குரல்.

அது பட்டு இல்லை என்று முதலில் நினைத்தேன். என் மனசில் இருந்த பட்டுவின் குரல் மூன்று வருஷம் பழையது. கீச்சென்று, அவசரமாக, எல்லாவற்றையும் முதலில் சொல்லிவிட வேண்டும் என்பதுபோல. இது கனத்திருந்தது. எங்கேயோ நின்று, மூச்சு வாங்கி, யோசித்து நடந்தது. அப்பா போன வீட்டில் காப்பி டம்ளரை என் பக்கமாகத் தரையில் நகர்த்தி வைத்தவளின் குரல். அன்றைக்கு அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

அவள் கல்யாணி பாடவில்லை. மோகனம் பாடினாள். நடுவில் ஒரு இடத்தில் மேல் ஸ்தாயியில் குரல் கொஞ்சம் உடைந்தது. உடைந்த இடத்தையே திரும்பப் பிடித்து, சரியாகப் பாடிவிட்டுப் போனாள். அப்புறம் இன்னொன்று கேட்டது. சின்னதாக, கிணுங் கிணுங் என்று. தொடையில் தாளம் போடுகிறாள், வளையல் குலுங்குகிறது. மைக்குக்குக் கிட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாள் போலிருக்கிறது.

அந்தச் சத்தத்தில்தான் எனக்குத் தாங்கவில்லை. ஆயிரம் மைல் தாண்டி ஒரு அறையில் பட்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது கண் முன்னால் தெரிந்தது. கண்ணைத் துடைக்கலாமென்றால் குமிழை விட முடியாது. இவர்தான் தன் மேல்துண்டின் நுனியால் துடைத்துவிட்டார். நான் அடித்த கையால்.

கல்யாணி கேட்டவர்கள்

அன்றைக்கே கடுதாசு எழுதினேன். பாராட்ட எனக்கு வராது, வந்ததை எழுதினேன். 'கல்யாணி என்று சொல்லிவிட்டு மோகனம் பாடியிருக்கிறாய். பரவாயில்லை, நன்றாக இருந்தது. மேல் ஸ்தாயியில் குரல் உடைந்தது. பால் குடிப்பதை நிறுத்து. தாளம் போடும்போது வளையல் சத்தம் கேட்கிறது. அடுத்த தடவை கழற்றிவிட்டு உட்கார். கல்யாணத்துக்கு வராதது என் தப்பு.'

பத்து நாளில் பதில் வந்தது.

'அக்கா, நிலையத்தில் கடைசி நிமிஷத்தில், முந்தின நாள்தான் ஒருவர் கல்யாணி பாடினார், வேறு பாடு என்றுவிட்டார்கள். வாயில் வந்தது மோகனம்தான். இதுவரை ஒன்பது பேர் கேட்டதாகச் சொன்னார்கள். என் வீட்டுக்காரரின் பெரியப்பா உட்பட. ஒன்பது பேரும் கல்யாணி அமிர்தம் என்றார்கள். நீ ஒருத்திதான் கேட்டிருக்கிறாய். வளையலைக் கழற்றிவிடுகிறேன். துர்கா பூஜைக்கு அங்கே வரட்டுமா?'

வந்தாள். டாக்குரியா ஏரிக்கரையில் இரண்டு பேரும் உட்கார்ந்து, பொரி தின்று, மூன்று வருஷத்துச் சண்டையையும் முறையாகப் போட்டு முடித்தோம். பிமல் பாபு ஒரு சட்டி ரசகுல்லாவோடு வந்து அவளைப் பாடச் சொல்லிக் கேட்டார். இவர் அவளிடம் ரேடியோவைக் காட்டி, சிற்றலை விஞ்ஞானத்தை ஒரு மணி நேரம் விளக்கினார். பிஸ்கட் டப்பாவை இவரே கண்டுபிடித்ததாக அவள் இன்றுவரை நம்புகிறாள்.

அடுத்த வருஷம் மெட்ராஸில் மறுபடி கூப்பிட்டார்கள். அன்றைக்கும் டப்பா குமிழைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மோர்ஸ் அடியோடு இல்லை. பட்டுவின் குரல் எங்கேயும் உடையவில்லை. வளையலையும் கழற்றியிருந்தாள், கடைசிவரை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், ஒரு சின்னக் கிணுங்கல்கூட இல்லை.

பிரமாதமாக இருந்தது என்று எழுதிப் போட்டேன். வளையலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.